மூத்தாள் ஏறிய மலை

எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் இன்னொரு பெண்ணின் பெயர் வெட்டியிருக்கிறது. சோறு வடிக்கிற குண்டான், குழம்புச் சட்டி, தாளிக்கிற கரண்டி, நான் காபி குடிக்கிற டம்ளர் வரைக்கும். முதலில் அவள் ஊரின் முதலெழுத்து, அடுத்து அவள் அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு அவள் பெயர் முழுசாக. சீர் கொடுத்தவர்கள் ஒரு ஸ்பூனைக்கூட விட்டுவைக்கவில்லை. அவள் என் கணவரின் முதல் மனைவி. கல்யாணமாகி ஐந்தாவது வருஷம் டெங்குக் காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டாள். அதற்கு மூன்று வருஷம் கழித்து, முப்பத்து நான்கு வயதில், நான் கோட்டையூரில் அந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வந்தேன்.

என் அம்மாவும் பாத்திரம் கொடுத்துத்தான் அனுப்பினார், என் பெயர் வெட்டி. வந்த வாரமே அவையெல்லாம் பரணுக்குப் போய்விட்டன. இருக்கிற பாத்திரமே புழங்கித் தீரவில்லை, இதையும் எதற்கு இறக்க வேண்டும் என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஆறு வருஷமாக அவள் பெயரைச் சாம்பல் போட்டும் சபீனா போட்டும் பளபளவென்று விளக்கிக்கொண்டிருப்பது நான்.

செத்துப்போனவள் மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் படுகிறேன். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் சண்டையாவது போடலாம். அவளுக்கும் முடி நரைக்கும், இடுப்பு பெருக்கும், ஒரு நாளாவது ரசத்தில் உப்பைக் கூடப் போட்டுவிடுவாள். செத்தவள் உப்பைக் கூடப் போடவே மாட்டாள். வெளியாட்கள் முன்னால் அவளை நான் 'அக்கா' என்பேன், 'அவுக' என்பேன். மனசுக்குள் வெறும் 'அவள்'தான். எனக்குப் பிள்ளை இல்லை, அவளுக்கும் இல்லை. அந்த ஒன்றில் மட்டும்தான் நாங்கள் சமம்.

இதற்கெல்லாம் மேல் அந்த மலைக் கதை இருந்தது.

திருப்பத்தூரிலிருந்து உள்ளே போனால் ஒரு கல்மலை வரும். முன்பக்கம் படி கட்டி, பாதி உயரத்தில் முருகன் கோயில். ஜனம் அதோடு திரும்பிவிடும். அதற்குப் பின்னால் மலை இன்னொரு முறை எழும்பி நிற்கிறது. அதன் தலையில் ஒரு பெரிய சுனை உண்டு, சித்தர்கள் குளித்தது, எந்தக் கோடையிலும் வற்றாது, வியாதிக்காரர்கள் குடித்தால் எழுந்து உட்காருவார்கள் என்று சொல்வார்கள். போய்ப் பார்த்தவர்கள் என்று யாரையும் நான் சந்தித்ததில்லை. கோயிலிலிருந்து அங்கே வழி கிடையாது. பின்பக்கமாகப் பாறையைப் பிடித்து ஏறினால் உண்டு என்று பேச்சு.

அவள் ஏறினாளாம். மாமியார் மஞ்சள்காமாலையில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து, அந்தச் சுனைத் தண்ணீரில் ஒரு வாய் கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன் என்று பிதற்றியிருக்கிறார். கல்யாணமாகி ஒன்றரை வருஷப் பெண், யாரிடமும் சொல்லாமல், ஒரு பித்தளைத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்பக்கமாகத் தனியே ஏறித் தண்ணீர் கொண்டுவந்தாள். மொள்ளும்போது வாளியின் மூடி மட்டும் சுனையில் விழுந்துவிட்டது. மலைச்சாமி கேட்டு வாங்கிக்கொண்டார் என்பார் மாமியார். தண்ணீர் குடித்த மூன்றாம் நாள் இட்லி கேட்டாராம். மூடியில்லாத அந்தத் தூக்குவாளி இன்றைக்கும் எங்கள் சாமி அலமாரியில், சாமிகளுக்குச் சரிசமமாக உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்டிருக்கிறார். கணக்கெடுப்புக்கு வந்த டீச்சர் கேட்டிருக்கிறார். அடிகுழாய், அதைத் தாண்டிப் புளியமரம், ஆட்டுத்தடம், பிளந்த பாறை, இச்சி மரம், அதற்கு மேலே ஒரு வெடிப்பு, வெடிப்பு முடிந்தால் சுனை. கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வழி மனப்பாடம். கதை சொல்லும்போது என் கணவர் பக்கத்தில் இருந்தால் தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அவள் சுமங்கலியாகப் போனவள் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை படையல். புதுச்சேலை எடுத்து, அவள் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, பிறகு வீட்டுப் பெண் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெண் என்றால் நான்தான். வருஷா வருஷம் எனக்குக் கிடைக்கிற நல்ல சேலையை முதலில் அவள் கட்டிவிடுகிறாள். போன தை மாதம் அரக்கு நிறத்தில் ஒரு பட்டு. கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். என் அம்மாவும் அக்காவும் அன்றைக்கு வந்திருந்தார்கள். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த நிறம் அவளுக்கென்றால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும் என்றார். மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. அடுத்து மலைக் கதை. என் சொந்த அக்கா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "யாரால முடியும் இதெல்லாம்" என்றாள்.

என்னால் முடியும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய பெரிய வீட்டை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே அறைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதன்கிழமை எனக்கு விடுமுறை. திருப்பத்தூரில் கூடப்படித்தவளைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். எவரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் விட்டுப்போன கேன்வாஸ் ஷூவை, நுனியில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டேன். தண்ணீர் கொண்டுவர எதை எடுத்துப்போவது என்றுதான் கொஞ்சம் யோசித்தேன். சமையலறையில் எதைத் தொட்டாலும் அவள் பெயர். அவள் பெயர் போட்ட பாத்திரத்தில் கொண்டுவந்தால் அது அவள் கொண்டுவந்ததாகவே ஆகிவிடும். ஓட்டலில் விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

முதல் பஸ்ஸைப் பிடித்துப் போயும் மலையடிக்கு வரும்போது எட்டரை ஆகிவிட்டது. அடிகுழாய் அங்கேயேதான் இருந்தது. புளியமரமும் இருந்தது. மரத்தடியில் ஆடு பத்திக்கொண்டு நின்ற ஒரு அம்மா என் ஷூவைப் பார்த்தார்.

"படி அங்குட்டு இருக்கு தாயி."

இல்லை, இப்படித்தான் போகிறேன் என்றேன். எதற்கு என்று கேட்டார். சுனைக்கு என்றேன். இந்தப் பக்கமாக யாரும் போய் நான் பார்த்ததில்லை, ஆடே இச்சி மரத்தோடு நின்றுவிடும் என்றார். ஒருத்தி போயிருக்கிறாள் என்று சொல்ல வாய் வந்தது. அவளுக்கு நான் ஏன் விளம்பரம் செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆட்டுத்தடம் வரைக்கும் சிரமமில்லை. உன்னிச்செடியும் சூரை முள்ளும் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தன. பிளந்த பாறையில் தடம் முடிந்துவிட்டது. அதற்கு மேலே வெறும் கல். மழைத்தண்ணீர் வடிந்து கறுத்த இடம் வழுக்கியது, வெளுத்த இடம் பிடித்தது. அதை நான் விழுந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். முழங்கால் தோல் உரிந்து சுடிதாரோடு ஒட்டியது. ஷூ பெரிதாக இருந்ததால் குதிகால் உள்ளுக்குள்ளேயே நழுவியது. கழற்றி, கயிற்றை முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஏறினேன். அவள் செருப்போடு ஏறினாளா இல்லையா என்று மாமியார் ஒருநாளும் சொன்னதில்லை. அதை நினைத்துக்கூட எனக்கு எரிச்சல் வந்தது.

நாற்பது வயது உடம்பு. பத்து அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினேன். கீழே பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தேன், ஆனாலும் பார்த்தேன். ஆடுகள் எள்ளாகக் கிடந்தன. இங்கே விழுந்தால் யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவள் திரும்பவில்லையே என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புதான் என்னை மேலே தள்ளியது. பக்தியும் இல்லை, மலை மேல் ஆசையும் இல்லை.

இச்சி மரம் ஒரு கல்திண்டின் மேல் வேரை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டு பேர் உட்காரலாம், அவ்வளவு இடம். நிழல் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன இரண்டு வாழைப்பழத்தையும் தின்றேன். தோலை வேரிடுக்கில் செருகப் போனபோது உள்ளே வட்டமாக ஏதோ பச்சை பூத்துக் கிடந்தது. குச்சியை விட்டு நெம்பினேன். பித்தளை மூடி. மேலே பிடிக்க ஒரு சின்ன வளையம்.

எச்சில் துப்பித் துப்பட்டா நுனியால் தேய்த்தேன். ஊர் எழுத்து வந்தது. அப்பா எழுத்து வந்தது. பிறகு புள்ளி புள்ளியாக அவள் பெயர் முழுக்க வந்தது. அந்தப் பெயரை விளக்கி வெளியே கொண்டுவருவதில் எனக்குத்தான் ஆறு வருஷப் பழக்கம் இருக்கிறதே.

மூடி சுனைக்குள் கிடக்க வேண்டியது. மலைச்சாமி வாங்கிக்கொண்டது. அது இங்கே, வெடிப்புக்குக் கீழேயே, ஆடு திரும்புகிற இடத்தில் கிடக்கிறது. நிமிர்ந்து மேலே பார்த்தேன். வெடிப்பு நெட்டுக்குத்தாக இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. அப்போது எனக்கு விளங்கிவிட்டது. அவள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், இங்கேதான் மேலே பார்த்திருக்கிறாள், இங்கேயே திரும்பியிருக்கிறாள். இறங்கும்போது கீழே என்ன இருக்கிறது? அடிகுழாய் இருக்கிறது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் என்னை மதிக்க மாட்டீர்கள். வாய்விட்டுச் சிரித்தேன். "மாட்டுனியா" என்று அந்த மூடியிடம் சத்தமாகக் கேட்டேன். ஆறு வருஷம் என் தலைமேல் உட்கார்ந்திருந்தவள் என் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிப்போயிருந்தாள். இதோடு இறங்கியிருக்கலாம். கூடத்தில் மாமியார் முன்னால் மூடியை வைத்தாலே போதும். ஆனால் இங்கேயே திரும்பினால் நானும் அவளும் ஒன்றாகிவிடுவோம். மூடியைப் பையில் போட்டு, பையை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெடிப்புக்குள் நுழைந்தேன்.

முதுகை ஒரு பக்கமும் உள்ளங்காலை எதிர்ப்பக்கமும் அழுத்தி, விரல் விரலாக மேலே நகர்ந்தேன். பாட்டில் முதுகெலும்பில் குத்தியது. பாதியில் வலதுகால் வழுக்கி ஒரு நிமிஷம் தொங்கியேவிட்டேன். அழுதேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். எப்படி மேலே வந்தேன் என்று இப்போது கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கைக்குப் புல் தட்டுப்பட்டது, பிடித்துக்கொண்டு உருண்டு சமதரையில் விழுந்தேன்.

சுனை அங்கே இருந்தது. ஒரு கல்யாண மண்டப அளவுக்கு, சுற்றிலும் பாறை உயர்ந்து, நடுவில் அல்லி இலை மிதக்க, கரும்பச்சைத் தண்ணீர். ஒரு நெகிழிப் பை இல்லை, பாறையில் பெயர் கிறுக்கல் இல்லை, விளக்கு எரித்த கறை இல்லை. தட்டான்கள் பறந்தன. அந்தப் பக்கக் கரையில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. என்னை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

காலைத் தண்ணீருக்குள் விட்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி வந்த பிறகு அவள் கை படாத ஒன்றை நான் தொட்டது அதுதான் முதல்முறை. அவள் பார்த்த கண்ணாடியில் தலைசீவி, அவள் அடுக்கிய அலமாரியில் மடித்து, அவள் படுத்த பக்கத்தில் படுத்து வந்தவள் நான். இந்தச் சுனை எனக்கு மட்டும். அங்கே உட்கார்ந்திருந்த அரைமணி நேரமும் எனக்குப் பொறாமை என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. பாட்டிலைக் கழுவி, கழுத்து வரை நிரப்பி, மூடினேன்.

இறங்கியதை எழுதினால் பாதிக்கு மேல் உட்கார்ந்தபடியே நகர்ந்ததாகத்தான் எழுத வேண்டும். கோட்டையூர் வந்து சேரும்போது மணி மூன்றரை. வீட்டுக்குப் போகவில்லை, நேரே கடைக்குப் போனேன். என் கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். தனியாகத்தான் இருந்தார், கையில் செம்புக் கம்பி. அவர் முன்னால் மேசையில் மூடியை வைத்தேன். எங்கே கிடைத்தது என்று சொன்னேன். அவர் முகம் விழப்போவதைப் பார்க்க வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆறு வருஷத்தில் நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை.

"இச்சி மரத்துக்கிட்டதான் மூடிய விட்டுட்டேன்னு சொன்னா. அங்கன உக்காந்து புளிச்சோத்தத் தின்னுட்டு மேல பாத்தாளாம், தலை சுத்திருச்சாம். எறங்கி வந்து அடிகுழாய்ல அடிச்சுக் கொண்டாந்துட்டா."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவள் அவருக்கும் அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் கொடுத்தாளாம். சின்ன வயதில் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் குடித்த குழாய், அதன் உப்பு நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டதாம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் அவளே சொல்லி அழுதிருக்கிறாள், அத்தையிடம் போய்ச் சொல்லிவிடவா என்று கேட்டிருக்கிறாள். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார், இனிமேல் எதற்கு என்று இவர் தடுத்துவிட்டார். மாமியார் கதை சொல்லும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்தது சிரிப்பை மறைக்கத்தானாம். அவள் இருந்த காலத்தில் அவளும் பக்கத்தில் நின்று முந்தானையைக் கடித்துக்கொள்வாளாம்.

சுனைத் தண்ணீர் கொண்டுவந்த உத்தமியை நான் எப்படியாவது தாங்கிக்கொண்டிருப்பேன். புருஷனோடு சேர்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறவளை என்ன செய்வது? அவளை அடிக்க ஒரு கல் கொண்டுவந்தேன், அது என் காலிலேயே விழுந்தது.

"நான் மேல வரைக்கும் போனேன்" என்றேன்.

அப்போதுதான் என் முழங்காலைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"தனியாவா? ஒருத்திய அனுப்பிட்டு நிக்கிறேன், பத்தாதா?"

பயந்துதான் சொன்னார். ஆனால் அந்தப் பயத்திலும் அவள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். பஞ்சும் மருந்தும் வாங்கிவந்து காயத்தைத் துடைத்துவிட்டார். மூடியை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வண்டியில் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

மாமியார் கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நான் பாட்டிலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். ஓட்டல் பெயர் போட்ட தாளை அவர் பார்த்தார்.

"கடத் தண்ணியா தாயி? இதையுமா வெல குடுத்து வாங்குறீக?"

சுனைத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம்பியிருக்க மாட்டார். தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார். மூடி கிடந்த இடத்தைச் சொல்லி, உங்கள் மகனையே கேளுங்கள் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அதற்காகத்தானே ஏறினேன். என் கணவர் வாசலில் செருப்பைக் கழற்றியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பொய் இருந்தது, அதை வைத்து இத்தனை வருஷம் சிரித்திருக்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவில் என்ன இருந்தது? எனக்கும் ஒன்று வேண்டும் போல் இருந்தது.

"ஆமா அத்த, கடத் தண்ணிதான்" என்றேன்.

மாமியார் மொச்சைக்குத் திரும்பினார். என் கணவர் வந்து பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகி, அண்ணாந்து, நின்றபடியே குடிக்க ஆரம்பித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதியில் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, பாட்டிலை என் கையில் கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டார். உதட்டோரம் துடித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷம் அந்த வீட்டில் நான் மட்டும்தான் அவர் மனைவி.

அதோடு விட்டிருக்க வேண்டும். என் புத்தி விடவில்லை. பின்கட்டுக்கு அவர் பின்னாலேயே போய், மெதுவாகக் கேட்டேன்.

"அன்னைக்கு அந்த உப்புத் தண்ணிய எம்புட்டுக் குடிச்சீக?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கொஞ்சம் யோசித்தார்.

"இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சேன்" என்றார்.

காலிப் பாட்டில் என் கையிலேயே இருந்தது. இரண்டு பாட்டில் கொண்டுபோயிருக்க வேண்டும்.